பிடரிக்குத் தெரிந்த வியாதி

கார் விழுந்தபோது பெயின்டரின் இடது கால் அதற்கு அடியில் இருந்தது. மிச்சமெல்லாம் வெளியே இருந்ததால் ஆள் பிழைத்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் ஓடிவந்து காரைத் தூக்கினார்கள். தூக்கிப் பிடித்தபடியே அத்தனை பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜாக்கி போட்டுக் காரை ஏற்றியவன் அவன். ஏற்றிய கையோடு அடியில் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்கத்தான் போனான். போகிற வழியில் யாரோ கழற்றிப் போட்டிருந்த மட்கார்டில் ஒரு நெளிவு கண்ணில் பட்டது. குனிந்தான், சுத்தியலை எடுத்தான், அவ்வளவுதான். அலறல் கேட்டு அவன் நிமிர்ந்தபோது மட்கார்டும் நிமிர்ந்திருந்தது.

நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் அவன். ஒரு கதவை முக்கால்வாசி முடித்துவிட்டு அடுத்த காரின் கூரைக்குத் தாவுகிறவன் என்பதால் பட்டறையில் அவன் பெயர் பாதி. காலையில் முதலாளி, "பாதி வந்துட்டானா?" என்று கேட்பார். "பாதி வந்தாச்சு, மீதி வழியில வந்துக்கிட்டிருக்கு" என்பான் பெயின்டர். இனி அந்த ஜோக்கைச் சொல்ல அவனுக்கு ரொம்ப நாள் வாய் வராது.

ஆம்புலன்ஸ் போனதும் முதலாளி பாதியை அறைந்தார். தரையில் கிடந்த ரத்தம் சொந்த நண்பனுடையது என்பதால் அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"இனிமே இவன் கையில சுத்தியலைக் குடுத்தா நான்தான் ஜெயிலுக்குப் போகணும்" என்றார் முதலாளி. "டேய், உன் தலைக்குள்ள என்ன கோளாறுன்னு போய்ப் பாரு. மருந்து மாத்திரை எடு. டாக்டர் என்கிட்ட சரின்னு சொல்லட்டும், அப்புறம் வா. அதுவரைக்கும் உன் நிழல்கூட இந்த வாசல்ல விழக்கூடாது."

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பாதி தன் நாற்பத்தொரு வயது வாழ்க்கையில் தகரத்தைத் தவிர எதையும் அடித்ததில்லை. அவனை அடித்தவர்களை வரிசையில் நிற்கவைத்தால் வாத்தியார்கள், வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரிகள், முதலாளிகள், ஒரு பஸ் கண்டக்டர், சில்லறையை மறந்து வந்ததற்காக ஒரு கடைக்காரர் என்று தெருவே நிறையும். வரிசையின் தலைமாட்டில், எல்லோருக்கும் வழிகாட்டியாக, அவனுடைய அண்ணன் நிற்பார். ஊரே சேர்ந்து அடித்து நிமிர்த்தப் பார்த்த ஒரே பொருள் அவன். தகரம் என்றால் நிமிர்ந்திருக்கும்.

அவன் மனைவிக்குச் சீருடை தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் சட்டையின் முழுக் கையையும் பிரித்துப் போடுகிற ரகம். சாப்பாட்டு இடைவேளையில் அவள் போனில் ஒரு வீடியோ ஓடியது. பெரியவர்களுக்கும் வருகிற ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் குறைபாடு பற்றி யாரோ ஒரு டாக்டர் பேசினார். சாவியைத் தொலைப்பது, ஒரு வேலையின் நடுவில் இன்னொன்றுக்கு ஓடுவது, கால் ஆட்டுவது, கூப்பிட்டால் காதில் விழாதது, பிடித்த வேலையில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழாதது.

"யாரோ நம்ம வீட்டுக்குள்ள கேமரா வெச்சிருக்காங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

அன்றைக்கே அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் டாக்டர் தலையைத் தூக்கவே இல்லை. டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு பால் காய்ச்ச நின்ற பாதி, நின்றபடியே தூங்கிப்போனான். பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் ஓட்டை விழுந்து, சுவர் கருகிய பிறகுதான் கண் விழித்தான். சட்டையின் ஓரம் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது டாக்டர் சிரித்தார். "ஏ.டி.ஹெச்.டி.யா? அது சின்னப் பசங்க வியாதிம்மா. பையனைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கறேன்."

"எங்களுக்குப் பையன் இல்லீங்க."

"அப்புறம் யாருக்கும்மா வியாதி?"

மூன்றாவது இடம் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் வரைக்கும் போகவே முடியவில்லை. டோக்கனைத் தொலைத்தான். இன்னொன்று கேட்டான், தரமாட்டேன் என்றார்கள். குரலை உயர்த்தினான். இரண்டு காவலாளிகள் அவன் கையை முதுகுப்பக்கம் முறுக்கித் தரையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் முழங்காலை அவன் கழுத்தில் ஊன்றினான். மூக்கு உடைந்து டைல்ஸில் ரத்தம் ஓடியது. யாரோ இடுப்பில் ஊசி குத்தினார்கள். கண் விழித்தபோது வாய்க்குள் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. அவனுடைய கோப்பில் மட்டும் 'நோயாளி வன்முறையில் ஈடுபடக்கூடியவர்' என்று முத்துமுத்தாக எழுதியிருந்தது. எழுதியவருக்கு எங்கும் அடிபடவில்லை.

"போதும். நான் மெக்கானிக் கடையில டயர் கழட்டிப் பொழச்சிக்கறேன்" என்றான் வீட்டுக்கு வந்து.

"டயரை மாட்டுவீங்க. நட்டை முடுக்குவீங்களா?"

அவன் உள்ளங்கையைச் சொறிந்தான். சுத்தியலைப் பிடிக்காத உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது. காய்ப்புகள் உரிய ஆரம்பித்திருந்தன.

நான்காவதாகக் கிடைத்தது ஒரு டாக்டரம்மா. அதே பெரிய ஆஸ்பத்திரியின் வேறொரு மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தார். அவர்தான் முதலில் அவனை முழுசாகப் பேசவிட்டார். பெயின்டரின் காலில் தொடங்கி, நடுவில் மட்கார்டுக்குப் போய், அங்கிருந்து தகரத்தின் விலைக்கும், பிறகு மழைக்கும் போனவனை மறுபடி காலுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் சொன்னார்: "எனக்கு ஓரளவு தெரியுது. ஆனா இது பெரியவங்களுக்குத் திடீர்னு வர்றதில்ல. சின்ன வயசுலேயே இருந்திருக்கணும். உங்களைப் பன்னிரண்டு வயசுக்குள்ள கூட இருந்து பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும். அப்பா அம்மா?"

"இல்லீங்க. அண்ணன் இருக்காரு. அவர்தான் வளர்த்தாரு."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவனுக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, உலகத்தில் எல்லோருடைய வாழ்க்கைக்கும் தன் காலடியில் ஒரு பிரேக் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஸ்டீரிங்கைத் தப்பாகத் திருப்பினால் விரல் முட்டியில் இரும்பு ஸ்கேலால் ஒரு போடு. அவரிடம் படித்தவர்கள் நன்றாக ஓட்டினார்கள். ஒருவர்கூட மறுபடி அவருக்கு வணக்கம் சொன்னதில்லை.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் வரமாட்டேன் என்றார் முதலில். தம்பி பெண்டாட்டி விடவில்லை. "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அவருக்கு வேலை. உள்ளதைச் சொல்லுங்க, போதும்" என்று காலில் விழாத குறையாகக் கேட்டாள். உள்ளதைச் சொல்லச் சொன்னால் போதாது, எது உள்ளது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குடும்ப மானத்தையும் பையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சின்ன வயசுல இவர் எப்படி இருந்தாரு?" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

"தங்கம்" என்றார் அண்ணன்.

"ஒரு இடத்துல உக்காருவாரா?"

"உக்காருன்னா உக்காருவான். எந்திரின்னாத்தான் எந்திரிப்பான்."

"சாமான் செட்டு தொலைக்கறது?"

"சேச்சே."

"எடுத்த வேலையப் பாதியில விட்டுட்டு ஓடறது?"

"அதெல்லாம் எங்க வளர்ப்புல கிடையாதும்மா. எங்க வம்சத்துலயே மூளைக் கோளாறுங்கற பேச்சு கிடையாது. எழுதிக்குங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் பாதியின் சுத்தியல் ஒரு அடி தள்ளிப் போனது. அவன் மனைவி கைப்பையின் வாரை முறுக்கினாள். அவன் கால் மேஜைக்கு அடியில் தையல் மிஷின் போல ஆடியது.

"பன்னிரண்டு வயசுக்கு முன்னாடி ஒரு அறிகுறியும் இல்லேன்னா ஏ.டி.ஹெச்.டி.க்கான மருந்தை நான் எழுத முடியாது" என்றார் டாக்டரம்மா. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "வேற ஏதாவதா இருக்கும். முதல்லேர்ந்து பார்க்கணும்."

பாதிக்கு இதில் முக்கால்வாசி காதில் விழவில்லை. மேஜைமேல் ஒரு சின்னச் சுத்தியல் கிடந்ததைப் பார்த்துவிட்டிருந்தான். முழங்காலில் தட்டிப் பார்க்கிற ரப்பர் சுத்தியல். எவ்வளவோ நாளுக்குப் பிறகு கையில் ஒரு பிடி. தலை ரப்பர்தான், எடையும் இல்லை, ஆனாலும் சுத்தியல். பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவின் கதவில் ஒரு குழி. டங். டங். டங்.

"ரொம்ப அடக்கமான பையன்ங்க—" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வலது கையைத் தூக்கித் தம்பியின் பிடரியில் ஓங்கி ஒரு அறை விட்டு, வாக்கியத்தை முடித்தார்: "—அவன் இருக்கற இடமே தெரியாது."

தலை முன்னால் போய் மேஜை விளிம்பில் மோதித் திரும்பி வந்தது. பாதி சுத்தியலை இருந்த இடத்தில் வைத்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். அண்ணன் அடுத்த கேள்விக்காக நிமிர்ந்து பார்த்தார். மனைவியும் டாக்டரம்மாவின் பேனாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஏதோ நடந்தது என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப என்ன பண்ணீங்க?"

"எப்ப?"

"இப்ப. இவர் தலையில."

அண்ணன் தன் கையை, வேறு யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் போலப் பார்த்தார். "ஓ, இதுவா? லேசாத் தட்டினேன். உங்க பொருளை எடுத்துத் தட்டிக்கிட்டிருந்தான்ல."

"எப்பலேர்ந்து தட்டறீங்க?"

"அது... அப்பா போனப்புறம். இவன் ரெண்டாங்கிளாஸ்."

டாக்டரம்மா ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். குரலை மாற்றவே இல்லை. "சின்னப் பையனைத் தனியா வளர்க்கறது லேசுப்பட்ட காரியமா? எதுக்கெல்லாம் தட்ட வேண்டி வந்தது, சொல்லுங்களேன்."

இத்தனை வருஷத்தில் அண்ணனிடம் யாருமே இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை ஏன் கேக்கறீங்க! சோறு போட்டா ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சு ஓடுவான். பெல்ட்டால குடுப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஒத்தைச் செருப்புதான் வரும். இன்னொண்ணு எங்கடான்னா முழிப்பான். சரளைக் கல்லுல முட்டி போட வெச்சேன், தோல் பிய்ஞ்சு போச்சு. மறுநாளும் ஒத்தைச் செருப்புதான். வாத்தியார் கேள்வியை முடிக்க மாட்டாரு, அதுக்குள்ள பதில் சொல்லிருவான். அங்க அவர் அடிப்பாரு, இங்க நான் அடிப்பேன். காலை ஆட்டிக்கிட்டே இருப்பான். கட்டில் காலோட சேர்த்துக் கயித்தைப் போட்டுக் கட்டினேன். அப்புறம் எங்கேருந்து ஆட்டறது?" சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் வரவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இல்லையாக அடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை மண்ணெண்ணெய் வாங்கியாடான்னு அனுப்பினேன். வழியில எவனோ கிணறு வெட்டிக்கிட்டிருந்தானாம். கேனைக் கீழ வெச்சிட்டு சாயந்திரம் வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு நின்னிருக்கான். கேனும் போச்சு. அன்னிக்குத்தான் இவன் கையை அடுப்புல வெச்சு..."

நிறுத்திக்கொண்டார். அவருடைய காலடியில் இருந்த பிரேக் அவருக்கே அப்போதுதான் அகப்பட்டது.

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவனின் இடது முன்கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, உருகி உறைந்த தழும்பு. "கேஸ் வெல்டிங்ல பட்டதுன்னு சொன்னீங்க."

"அதுலயும் பட்டுச்சு" என்றான் பாதி. "அது இதுக்குப் பக்கத்துல."

"எனக்கு இது போதும்" என்றார் டாக்டரம்மா.

அறைக் கதவு மூடியதுதான் தாமதம். அண்ணன் தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "பெத்த புள்ளையாட்டம் வளர்த்தேன்டா உன்னை! கொலகாரனாட்டம் உக்கார வெச்சு எழுத வெச்சிட்டியேடா!" சுவரோடு சேர்த்து அடித்தார். அறிவிப்புப் பலகையின் கண்ணாடி பாதியின் பின்மண்டையில் நொறுங்கியது. ரத்தம் காலருக்குள் இறங்கியது. அவன் கையைத் தூக்கவில்லை. சத்தம் கேட்டுக் காவலாளிகள் ஓடிவந்தார்கள். கோப்பில் உள்ளபடி, அடிபட்டுக்கொண்டிருந்தவனைப் பிடித்துக் கையை முறுக்கினார்கள்.

அப்போதுதான் அவன் மனைவி கைப்பையைச் சுழற்றினாள். உள்ளே கம்பெனிக் கத்தரிக்கோல் இருந்தது. ஒரு காவலாளியின் காது கிழிந்தது. "அந்தாளைப் பிடிங்கடா, எருமைங்களா! அடிக்கறவன் சலவைச் சட்டை போட்டிருந்தா கண்ணு தெரியாதா?"

டாக்டரம்மா வெளியே வந்து கத்தியிராவிட்டால் அன்றைக்கு இன்னொரு கோப்பு திறந்திருப்பார்கள்.

தையல் போட்ட தலையோடு அவன் மருந்துக் கடை ஜன்னலில் போய் நின்றான். உள்ளே இருந்தவர் சீட்டை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தையோட வயசு?" என்றார்.

"நாப்பத்தொண்ணு" என்றாள் மனைவி. "பார்க்கறீங்களா? வாயைத் திறங்க குழந்தே, மாமாவுக்குப் பல்லைக் காட்டுங்க."

மருந்து ஒன்றும் மந்திரம் இல்லை. முதலில் வாய் உலர்ந்தது, பசி செத்தது, நெஞ்சு படபடத்தது. ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். ஒரு நாள் காலையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து போய் மூடினான். திரும்பி வந்தான். எதற்காக எழுந்தோம் என்பது அவனுக்கு நினைவிருந்தது. அதையே ஒரு செய்தியாக மனைவியிடம் போய்ச் சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வெகுநேரம் எதையோ கிளறினாள்.

டாக்டரம்மா போனில் முதலாளியிடம் பேசினார். சுத்தியல் கைக்கு வந்தது, ஒரு நிபந்தனையோடு. ஊன்றுகோலும் தானுமாக வந்த பெயின்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்காணிப்பான்.

"டேய் பாதி, ரத்தம் வர்ற வேலை ஏதாவது இருக்கா இன்னிக்கு?"

"இல்ல."

"அப்ப நான் கிட்டத்துல உக்காரலாமா?"

அந்த வாரம் அவன் ஒரு கதவைத் தொடங்கி, அதே கதவை முடித்தான். பெயின்டர் தடவிப் பார்த்துவிட்டு, இனிப் பட்டப்பெயரை மாற்ற வேண்டியிருக்குமோ என்று கவலைப்பட்டான்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்தார், சமாதானம் என்ற பெயரில். சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சு மருந்துக்கு வந்தது. "எங்காலத்துல இதுக்கெல்லாம் மருந்தா சாப்பிட்டோம்?" என்றார். பாதி தண்ணீர்ச் சொம்புக்குக் கையை நீட்டினான். சொம்பு கவிழ்ந்து அண்ணனின் தட்டு மிதந்தது. மனைவி துணி எடுக்கத் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால், தகரத்தை ஒட்டவைத்த ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போகிறாற்போல 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு அண்ணனின் ஊளை. திரும்பிப் பார்த்தபோது, நாளெல்லாம் இரும்பைப் பிடித்துப் பழகிய கைக்குள் அண்ணனின் வலது மணிக்கட்டு இருந்தது. வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தது.

அடுத்த பரிசோதனைக்கு மூவரும்தான் போக வேண்டியிருந்தது. மாற்றம் எப்படி என்பதையும் சாட்சிதான் சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் பாதி அண்ணனின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். எரிச்சலோ ஆவேசமோ வந்தால் மருந்தை நிறுத்திவிடுவேன் என்று டாக்டரம்மா தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். கோப்பிலோ ஏற்கெனவே முத்துமுத்தாக எழுதியிருக்கிறது. மருந்து போனால் சுத்தியல் போயிற்று.

டாக்டரம்மா மாவுக்கட்டைப் பார்த்தார். "கையில என்ன?"

"கார் கதவு" என்றார் அண்ணன், கூரையைப் பார்த்து. "நானேதான் சாத்திக்கிட்டேன்."

"கதவு இல்ல டாக்டரம்மா" என்றாள் மனைவி. பாதி அவள் காலை மிதித்தான். விட்டுப்போன தையலைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. "இவர்தான் உடைச்சாரு. எங்க வீட்டுல, சாப்பிடறப்ப."

டாக்டரம்மா கோப்பைப் புரட்டி, 'வன்முறையில் ஈடுபடக்கூடியவர்' என்ற அந்தப் பழைய வரிக்கு வந்து நின்றார். அவன் பக்கம் திரும்பினார். "கோபம் அதிகமா வருதா? மாத்திரை போட்டதும் யாரையாவது அடிக்கணும்போல இருக்கா?"

பாதி கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வேறெங்கும் போகாமல் யோசிப்பது அவனுக்கு இன்னும் புதுசு.

"அடிக்கல டாக்டரம்மா. பிடிச்சேன். இவ்வளவு வருஷமா அடி விழுந்தப்புறம்தான் எனக்கு அடின்னே தெரியும். இப்போ கை கிளம்பறப்பவே தெரியுது. வந்துக்கிட்டே இருக்கறது தெரியுது. வர்றது தெரிஞ்சா எப்படிங்க சும்மா உக்காந்திருக்கறது?" பிறகு சேர்த்துக்கொண்டான்: "இவ்வளவு சீக்கிரம் உடையும்னு நினைக்கல. என்னைவிட ஸ்ட்ராங்குன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அண்ணன் மாவுக்கட்டை மடியில் வைத்து, அதை ஒரு கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்" என்றார் டாக்டரம்மா அவரிடம். "இனிமே இவர்மேல கை ஓங்கற உத்தேசம் இருக்கா?"

அண்ணன் நேர்மையாக யோசித்தார். அவரை யோசிக்கவைத்ததில் எந்த மாத்திரைக்கும் பங்கில்லை.

"இந்தக் கையில இல்லீங்க" என்றார்.

பாதியின் பார்வை உடனே அவருடைய இடது கைக்குப் போனது. அங்கேயே நின்றது. அந்தக் கை மடியைவிட்டு எழவில்லை.

டாக்டரம்மா பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். சீட்டை இழுத்து, அதே மருந்தை, அதே அளவில் எழுதினார்.